டீச்சருக்கு ஒரு டம்ளர் சாறு

"சாறு வேகமா வரணுமா, மெதுவா வரணுமா சார்?"

கடைப்பெண் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக் அலமாரியில் இருந்த ஜூஸர் மெஷின்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வேண்டியது ஒரு டம்ளர் பழச்சாறு. அதில் வேகம் என்ன, மெதுவு என்ன?

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"வேகமா வர்ற மெஷின் பழத்தைத் துருவி, சுழட்டி அடிக்கும். ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். இன்னொண்ணு பழத்தை நசுக்கி மெதுவா பிழியும். ஆனா அதுக்குக் கொஞ்சம் பொறுமை வேணும் சார்."

இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுகளுக்குள்ளிருந்து "சீக்கிரம் வாங்க!" என்று கத்துகிறவர்களின் குரலைக் கேட்டே இருபத்தாறு வருடம் ஓட்டியவர் அவர். பொறுமையைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

"வேகமானதையே குடும்மா."

வீட்டில் அவர் மனைவி கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகளும் அக்கம்பக்கமும் டீச்சர் டீச்சர் என்று கூப்பிட, கல்யாணமான புதிதில் கேலிக்கு இவரும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தவர், கடைசியில் அதையே பெயராக்கிவிட்டார். வயிற்றில் பெரிய ஆபரேஷன். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

கிளம்புகிற நேரத்தில் பெரிய டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "தினமும் காலையில ஒரு டம்ளர் பழச்சாறு. கடையில வாங்கினது கூடாது. மிக்ஸியில அடிச்சதும் கூடாது. நல்ல ஜூஸரா பார்த்து வாங்கி, நீங்களே உங்க கையால பிழிஞ்சு குடுங்க."

லிஃப்ட் புகார்களைக் குறித்துக்கொள்ளும் சட்டைப்பை நோட்டில், 'ஜூஸர். அவசரம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டுக்கொண்டார். ஒரு மாத லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மெஷின் முதல் ஆப்பிளைக் கடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. கடைப்பெண் சொன்னது பொய்யில்லை, இரண்டே நிமிடம்தான். மூன்றாவது நிமிடம் வாசல் மணி அடித்தது.

கீழ்வீட்டுப் பல் டாக்டர் லுங்கியோடு நின்றார்.

"மேல என்ன சார், ஹெலிகாப்டர் ஏதாவது இறங்குதா?"

"டீச்சருக்கு ஜூஸ் போடறேன் சார்."

"போடுங்க, வேணாங்கல. ஆனா நான் பகல் பூரா டிரில்லு சத்தத்துலயே உக்காந்திருக்கறவன். காலையில ஒரு அரை மணி நேரமாவது என் காதுக்கு லீவு குடுக்கக் கூடாதா?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சர் ஒரு வாய் குடித்தாள்.

"நல்லாத்தாங்க இருக்கு."

"ஆனா?"

"ஆனா ஒண்ணுமில்ல. அந்தச் சத்தத்துக்குத் தையல் பிரிஞ்சிடுமோன்னு இருந்தது."

லிஃப்ட்காரர் துள்ளி எழுந்தார். சத்தம்தானே? அவர் அடக்காத சத்தமா? லிஃப்ட் கதவு இடிக்காமல் இருக்க வைக்கிற ரப்பர் பட்டையில் நாலு துண்டு வெட்டி, மெஷினின் நாலு காலுக்கும் ஒட்டினார். அது அன்று மத்தியானம் வரை இழுத்தது.

சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் மெஷினுக்கு நடை வந்துவிட்டது. கேரட்டைப் போட்டு அழுத்தியதும் ரப்பர் காலில் துள்ளித் துள்ளிச் சமையல் மேடை ஓரத்துக்குப் போனது. அவர் தாவிப் பிடித்தார். மெஷின் கைக்கு அகப்பட்டது, மூடி அகப்படவில்லை. கேரட் மேல் கூரைக்குப் போய், மின்விசிறியைத் தொட்டு, அவர் கண்ணாடிக்கு வந்து சேர்ந்தது.

சத்தம் கேட்டு மெல்ல நடந்து வந்த டீச்சர், ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சமையலறை வாசற்படியில் நின்றாள். தோள் குலுங்கியது.

"என்னாச்சு? வலிக்குதா?"

"சிரிக்க வைக்காதீங்க… வலிக்குது… ஐயோ, மூக்கைத் துடைங்க முதல்ல."

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

மூடி விரிசல் விட்டிருந்ததால் கடையில் மாற்றித் தர முடியாது என்றார்கள். மெதுவாகப் பிழிகிற மெஷினையும் வாங்கிவிட்டார்.

"நிமிஷத்துக்கு நாப்பது சுத்துதான் சார். சத்தமே வராது," என்றாள் கடைப்பெண்.

"நாப்பதா? மோட்டார் படுத்துட்டாலே அவ்வளவு சுத்துமேம்மா!"

சத்தம் வரவில்லைதான். சாறும் வரவில்லை. பழத்தை விரல்நுனி அளவுக்கு நறுக்க வேண்டும், ஒவ்வொரு துண்டாகப் போட வேண்டும், அது மென்று முடிக்கிறவரை காத்திருக்க வேண்டும். பல்லில்லாத குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி அவர் அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பதினோரு பாகங்களாகக் கழற்றிக் கழுவ வேண்டும். லிஃப்டையே கழற்றி மாட்டுகிறவருக்கு இதற்கெல்லாம் விளக்கப் புத்தகம் எதற்கு? மறுநாள் மாட்டி முடித்தபோது ஒரு ரப்பர் வளையம் மட்டும் கையில் மிஞ்சியது.

"இது சும்மா உபரிக்குக் குடுத்திருப்பான்," என்று ஜன்னலில் வைத்தார்.

சாறு முன்பக்கக் குழாயை விட்டுவிட்டு அடிவழியாக இறங்கி, மேடையில் பரவி, இழுப்பறைக்குள் புகுந்து, கரண்டிகளைக் குளிப்பாட்டியது. அன்று முழுவதும் கரண்டி கழுவினார். வளையம் உபரி இல்லை என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

மூன்றாம் நாள் எல்லாம் சரியாக வந்தது. டம்ளர் நிறைய மாதுளைச் சாறு, விளக்கு மாதிரி நின்றது. டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

"லேசா துவர்க்குதோ?"

"துவர்க்குதா?"

"உள்ள வெள்ளையா ஒரு தோல் இருக்குமே, அது சேர்ந்திருக்கும்னு நினைக்கறேன்."

மறுநாள் ஒரு பழத்தின் முத்துக்களை ஒவ்வொன்றாக உரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுத்துவைத்தார். சரி, துவர்ப்பு போயிற்று. "சக்கை நாக்குல தட்டுது" என்றாள். இரண்டு தடவை வடிகட்டினார். "வெதுவெதுன்னு இருக்கு" என்றாள். பழத்தை முன்கூட்டியே ஃபிரிட்ஜில் வைத்தார். "பல்லு கூசுது" என்றாள். ஃபிரிட்ஜிலிருந்து எத்தனை நிமிடத்துக்கு முன்னால் எடுத்தால் கூசாது என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு நாலு நாள் ஆனது. இருபத்திரண்டு நிமிடம். நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆரஞ்சு கசந்தது என்பதற்காக ஆரஞ்சுக்கென்றே தனியாக ஒரு மெஷின் வந்தது. அது ஆரஞ்சைத் தவிர வேறெதையும் தொடாது. அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று மெஷின்கள் வரிசையில் நிற்க, அடுப்புதான் விருந்தாளி மாதிரி ஒடுங்கிக்கொண்டது.

வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா எப்படி இருக்காங்க?"

"அதை ஏன் கேக்கற! இந்தச் சல்லடை இருக்கு பாரு, அதுல ரெண்டு வகை. ஒண்ணு பெரிய ஓட்டை, ஒண்ணு சின்ன ஓட்டை. திராட்சைக்குச் சின்னதுதான் போடணும். ஆனா அதைக் கழுவறதுக்குள்ள…"

பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகள் குறுக்கிட்டாள். "அப்பா, நான் அம்மாவைப் பத்திக் கேட்டேன்."

"அம்மாவா? அவ நல்லாத்தான் இருக்கா. இந்தச் சல்லடைதான்…"

ஒரு நாள் அந்தச் சல்லடையைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

"டீச்சர், உன்னை உள்ள கூட்டிட்டுப் போனாங்களே, கதவைச் சாத்தினதும் நான்…"

தேய்த்த இடத்தையே மறுபடியும் தேய்த்தார். டீச்சர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். சல்லடையை அவர் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இங்க பாருங்க, ஒரு நார் ஒட்டிக்கிட்டிருக்கு."

"எங்க? எங்க?"

"இதோ, ஓரத்துல. இதனாலதான் நேத்து சாறு ஒரு மாதிரி இருந்திருக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாரைத் தேடினார். எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அகப்படாததால் இன்னும் கால் மணி நேரம் தேய்த்தார்.

இதற்கிடையில் சக்கை குவிந்தது. நல்ல பழத்தின் சக்கையைக் குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. பல் டாக்டர் பால்கனியில் பூந்தொட்டிகள் வைத்திருந்தது ஞாபகம் வந்தது. போன சண்டைக்குப் பரிகாரமாகவும் இருக்கும் என்று ஒரு வாளி நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"அட, நல்ல உரமாச்சே!" என்று அவரும் மகிழ்ந்து போனார்.

மூன்றாம் நாள் அவர் மேலே ஏறி வந்தபோது மகிழ்ச்சி இல்லை.

"சார், என் வீட்ல இப்ப நாங்க ரெண்டு பேர். மீதியெல்லாம் எறும்பு."

"அடடா!"

"சக்கரை டப்பாவை விட்டுடுச்சு சார், கட்டிலுக்கு வந்துடுச்சு. ராத்திரி என் சம்சாரம் எழுந்து உக்காந்து, 'நான் இருக்கணுமா, எறும்பு இருக்கணுமா'ங்கறா."

லிஃப்ட்காரர் கையிலிருந்த டம்ளரை அவரிடமே நீட்டிவிட்டார். பல் டாக்டர் கோபத்தோடு ஒரு வாய் குடித்தார். நிதானமாக இரண்டாவது வாய் குடித்தார்.

"என்ன பழம் சார் இது?"

"மாதுளை. தோல் நீக்கி, ரெண்டு தடவை வடிகட்டி, இருபத்திரண்டு நிமிஷம்…"

"என் சம்சாரத்துக்கும் ஒரு டம்ளர் கிடைக்குமா?"

அடுத்த நாள் சம்சாரம் தானே வந்துவிட்டாள். அவளோடு எதிர்வீட்டுத் தையல்காரம்மா. அதற்கடுத்த நாள் மொட்டைமாடியில் நடக்கப் போகிற இரண்டு பேர், போகிற வழியில் எட்டிப் பார்த்தார்கள். ஏழு மணிக்கு ஒரு டம்ளர் போட ஆரம்பித்தவர், இப்போது ஐந்தரைக்கே எழுந்து ஏழு டம்ளர் போட்டார். யாருக்கு எது ஆகாது, யாருக்குச் சக்கை பிடிக்கும் என்பதெல்லாம் நோட்டில் ஏறியது. கூடத்தில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். டீச்சர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருப்பாள்.

"நீங்களும் ஒரு டம்ளர் எடுத்துக்குங்க. தனியா குடிக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கு," என்பாள் தினமும். அவரும் மறுக்காமல் குடிப்பார். நின்ற காலிலேயே வேலை பார்ப்பதால் பசியும் பிய்த்துக்கொண்டு வந்தது. தட்டில் வைத்தது போதாமல் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். படுத்தால் போதும், தூக்கம் அடித்துப் போட்டது. இடுப்பில் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்த பேன்ட் மறுபடியும் ஒழுங்காக நின்றது.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனார்கள். பெரிய டாக்டர் தையல் போட்ட இடத்தை அழுத்திப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"பிரமாதமா ஆறியிருக்கு டீச்சர். வர்ற வாரம் பள்ளிக்கூடம் போகலாம்."

லிஃப்ட்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் அந்த ஜூஸ்தான் டாக்டர். ஒரு நாள் தவறல. மூணு மெஷின் வாங்கிட்டேன்."

"மூணா!" டாக்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை ரொம்ப அக்கறையாகப் படித்தாள்.

"சாரும் நல்லா தேறிட்டார்னு சொல்லுங்க," என்று சிரித்துக்கொண்டே அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார் டாக்டர்.

டீச்சர் மருந்து வாங்குகிற வரிசையில் நிற்க, இவர் ஃபைலில் முத்திரை வாங்க நர்ஸ் மேஜைக்கு வந்தார். அந்த எட்டு நாளும் டீச்சரைக் கவனித்துக்கொண்ட அதே நர்ஸ்.

"சிஸ்டர், டாக்டர்கிட்ட ஒண்ணு கேக்க மறந்துட்டேன். திங்கக்கிழமையிலேருந்து நான் வேலைக்குப் போகணும். அந்த ஜூஸை இன்னும் எத்தனை நாளைக்குக் குடுக்கணும்? ஃபைல்ல எழுதியிருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

நர்ஸ் ஃபைலைத் திறக்கவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு, மருந்து வரிசையில் நிற்கிற டீச்சரை ஒரு முறை பார்த்தாள்.

"அது அம்மாவுக்குச் சொன்ன வைத்தியம் இல்ல சார், உங்களுக்குச் சொன்னது. 'எட்டு நாளா பச்சத்தண்ணி கூட சரியா குடிக்காம என் மூச்சையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கார், வீட்டுக்குப் போயும் அதையேதான் பண்ணுவார், அவருக்குச் சீக்கிரத்துல முடியாத ஒரு வேலையா பார்த்துச் சொல்லுங்க டாக்டர்'னு டீச்சரம்மாதான் கேட்டுக்கிட்டாங்க."