கமலம் நிரந்தரம் ஆன வரலாறு

பொதுத்துறை நிறுவனம் என்று ஒன்று இருந்தால் அது வாரம் கொண்டாடியே தீர வேண்டும். பாதுகாப்பு வாரம், ஹிந்தி வாரம், உற்பத்தித்திறன் வாரம், மரம் நடும் வாரம், நட்ட மரத்தை ஆடு தின்றதற்கு விளக்கம் கேட்கும் வாரம். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரங்கள்தான் என்று யாரோ முன்யோசனை இல்லாமல் வைத்துத் தொலைத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் தேசம் இந்நேரம் எங்கேயோ போயிருக்கும்.

ஹைதராபாத்தில் ஹப்சிகுடாவைத் தாண்டி அகில பாரத எடைக்கருவி நிறுவனம் என்று ஒன்று இருந்தது. தராசு செய்வது அதன் தொழில். செய்த தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெளியிலிருந்து ஒரு நல்ல தராசு வாங்கி வைத்திருந்தார்கள். அங்கே பர்சனல் டிபார்ட்மெண்டில் ஹெட் கிளார்க் நடேசன். மாயவரத்துக்காரர், பரம சாது. யார் குடியையும் கெடுத்தார் என்று அவரைச் சொல்ல முடியாது. கெடும்போது பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

அது 1978. எமர்ஜென்சி போய் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆபீஸ் சுவரில் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதிய அதே பெயிண்டர், அதே சுவரில், அதே சிவப்பில், சுதந்திரத்தைப் பற்றி எழுதிவிட்டுப் போனார். விசாரித்துப் பார்த்தால் ஆபீஸில் எல்லோருமே எமர்ஜென்சியை எதிர்த்தவர்கள். ரகசியமாக எதிர்த்திருக்கிறார்கள். எவ்வளவு ரகசியம் என்றால் வீட்டில் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. ஆந்திராவில் ஓட்டு என்னமோ பழைய கட்சியின் பெட்டியிலேயேதான் விழுந்தது, அதை விடுங்கள்.

முற்போக்கு அப்போது புது மோஸ்தர். கதர் ஜிப்பா, ஜோல்னாப் பை, தாடி. பர்சனல் ஆபீஸர் சீதாராமன் முதல் இரண்டையும் ஆபிட்ஸ் கடைத்தெருவில் ஒரே நாளில் வாங்கிவிட்டார். மூன்றாவதற்குத்தான் கொஞ்சம் காத்திருக்க வேண்டி வந்தது.

டில்லியிலிருந்து புதிதாக வந்திருந்த ஜி.எம். முற்போக்குப் பிரியர். டிசம்பரில் மனித உரிமைப் பிரகடனத்துக்கு முப்பது வயது ஆகிறது, நாம் சும்மா இருக்கலாமா என்று கேட்டார். சும்மா இருப்பதில் நிறுவனத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு என்றாலும், ஜி.எம். கேட்டபின் இருக்க முடியாது. 'முற்போக்குக் கருத்து மற்றும் மனித உரிமை வாரம்' அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவும் தலைக்கு ஒன்று வீதம் கருத்து உற்பத்தி செய்து தர வேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று. ஆபீஸர்கள் உலக விஷயங்களில் கருத்துக் கொள்ளலாம். கிளார்க்குகள் கல்வியைப் பற்றிக் கொள்ளலாம். தொழிலாளிகளுக்குத் தெருவிளக்கும் குழாய்த் தண்ணீரும் ஒதுக்கப்பட்டன. நடப்பு அரசியல் பற்றிய கருத்துகள், நடத்தை விதிகளுக்கு உட்பட்டு, யாரையும் எதையும் குறிக்காத வகையில், துணிச்சலாக இருக்க வேண்டும்.

எது கருத்து, எது இல்லை என்று சிலருக்குக் குழப்பம் வந்தது. சீதாராமன் தாடியைத் தடவிக்கொண்டே தீர்த்து வைத்தார். "ஒருத்தன் தன்னைப் பத்திச் சொன்னா அது புகார். அடுத்தவனைப் பத்திச் சொன்னா அது கருத்து. புகார் விஜிலன்ஸுக்குப் போகும், கருத்து மேடைக்கு வரும்" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவஞானியும் சொன்னதில்லை.

அப்புறம் பாருங்கள், கருத்து என்றால் அப்படி ஒரு கருத்து. தென்னாப்பிரிக்காவை அக்கவுண்ட்ஸ் பிரிவு ஒட்டுமொத்தமாகக் கண்டித்தது. டெஸ்பாட்ச் பிரிவு சிலி நாட்டுக்குக் கடைசி எச்சரிக்கை விட்டது. தராசுக்கு முத்திரை குத்துகிற பிரிவுதான் கருத்துக்கும் முத்திரை குத்தியது. காரம் அதிகம் என்று இரண்டைத் திருப்பி அனுப்பினார்கள். அவை இரண்டும் கேன்டீன் சாம்பாரைப் பற்றியவை.

எல்லாம் சேர்ந்தபின் ஜி.எம். பார்த்துவிட்டு ஒரு குறை சொன்னார். பெண்கள் கருத்து எங்கே, உழைக்கும் வர்க்கத்தின் கருத்து எங்கே, நலிந்த பிரிவின் கருத்து எங்கே? மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே ஆளாகப் பிடித்தால் டீச் செலவு மிச்சம் என்றார் சீதாராமன். நடேசனுக்கு அன்னக்கிளி ஞாபகம் வந்தது.

அன்னக்கிளி ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரி. புருஷன் சின்னசாமி ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தினக்கூலி. அவள் எடைக்கருவி நிறுவனத்தின் கேன்டீனில் காய் நறுக்கி, பாத்திரம் தேய்த்து, ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். சட்டம் என்ன சொல்கிறது என்றால், தற்காலிக ஆள் வருஷத்தில் இத்தனை நாள் தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்கலாம். நிறுவனம் சட்டத்தை மதிக்கிற நிறுவனம். அதனால் அந்த நாள் நெருங்கும்போது ஆளை நிறுத்தி 'பிரேக்' கொடுத்துவிடும். ஆனால் எச்சில் தட்டுக்கு ஏது பிரேக்? அது வந்துகொண்டேதான் இருக்கும். எனவே பிரேக்கிலும் அன்னக்கிளி வருவாள், தேய்ப்பாள். வருகைப் பதிவில் மட்டும் அன்னக்கிளி இருக்கமாட்டாள், கமலம் என்று ஒருத்தி இருப்பாள்.

இந்தக் கமலத்தைப் பெற்றது நடேசனின் பேனா. கமலத்துக்கு வயசு இருபத்தெட்டு, ஒரு குழந்தை. அன்னக்கிளி பிரேக்கில் போகும்போது கமலம் வருவாள், கமலம் பிரேக்கில் போகும்போது அன்னக்கிளி வருவாள். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டைவிரல் ஒன்றே ஒன்று. ஆபீஸில் இது தெரியாத ஆள் கிடையாது, ஜி.எம். ஒருவரைத் தவிர. அவர் புதுசு.

அன்னக்கிளிக்கு நிரந்தரத்தின் மேல் ஆசை எதற்கு என்றால், சம்பளத்துக்காகக்கூட இல்லை. நிறுவனத்தின் காலனிப் பள்ளிக்கூடத்தில் நிரந்தர ஊழியர் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். அவள் மகள் வடிவுக்குப் பதினொரு வயசு. இப்போது படிக்கிற பள்ளிக்கூடத்தில் கூரையும் வாத்தியாரும் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரே நாளில் இரண்டும் இருந்ததில்லை. வடிவு கெட்டிக்காரி. தமிழில் திட்டினால் புரிந்துகொண்டு தெலுங்கில் பதில் சொல்வாள்.

"எனக்கு நிரந்தரம் இன்னாத்துக்கு சார், நான் இப்டியே தேச்சிட்டுப் பூடுவேன். கொயந்த அந்த இஸ்கூல்ல ஒக்காரணும். அவ்ளோதான்" என்றாள் அன்னக்கிளி.

இதையே மேடையில் சொல் என்றார் நடேசன். சொன்னவுடனேயே அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது அவள் தன்னைப் பற்றியே பேசுகிற பேச்சு. அப்படியென்றால் புகார். விஜிலன்ஸுக்குப் போகும், இருக்கிற வேலையும் போகும். பேச்சே நக்கோ, வேணாம் சார், ஆளை விடுங்க என்று அவள் எழுந்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் நடேசனுக்கு வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு யோசனை தோன்றியது. அந்த வாரம் பதிவுப்படி வேலையில் இருப்பவள் அன்னக்கிளி. ஆகவே அன்னக்கிளி கமலத்தைப் பற்றிப் பேசட்டும். கமலம் அடுத்தவள்தானே? அடுத்தவளைப் பற்றிப் பேசினால் சுத்தமான கருத்து. சீதாராமனிடம் சொன்னார். அவர் யோசித்துவிட்டு, "ரூல்படி கரெக்ட்" என்று முத்திரை குத்த அனுப்பிவிட்டார்.

விழா அன்றைக்குச் சிலியும் தென்னாப்பிரிக்காவும் முடிந்தபின் அன்னக்கிளி மேடையேறினாள். மைக்கைப் பார்த்து முதலில் பயந்தாள். அப்புறம் பேசினாள். கமலம்னு ஒருத்தி கீறா, வருஷக்கணக்கா இங்க தேய்க்கிறா, கை ரெண்டும் புண்ணு, அவளுக்கு ஒரு பொண்ணு, அது நல்லாப் படிக்குது, அந்தப் பொண்ணு உங்க பிள்ளைங்களோட ஒரு பெஞ்சில ஒக்காந்தா உங்களுக்கு இன்னா கொறஞ்சிடும் என்று கேட்டாள். ஒவ்வொரு வரியையும் ஒருத்தர் ஜி.எம்.முக்கு ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். கூடத்தில் அத்தனை பேருக்கும் கமலம் யார் என்று தெரியும். அத்தனை பேரும் யார் அந்தப் பாவப்பட்ட ஜீவன் என்பது போல உச்சுக்கொட்டினார்கள்.

ஜி.எம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனக்காக ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொரு பெண்ணுக்காகப் பேசுகிறாளே, இதுதான் இந்தியா என்று எழுந்து நின்றார். அந்தக் கமலத்தை இந்த வாரமே நிரந்தரம் செய்ய வேண்டும், அவள் குழந்தைக்குப் பள்ளியில் இடம் தர வேண்டும், இது என் உத்தரவு என்றார். கைதட்டலில் கூரை பிய்ந்தது. அன்னக்கிளி மேடையிலேயே முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நடேசனும் எழுந்து நின்று கைதட்டினார். அடடா, ஒரு நல்ல காரியம் பண்ணிவிட்டோமே என்று பெருமைப்பட்டார். பாவம், பழக்கமில்லாத உணர்ச்சி.

மறுநாள் காலையில் அன்னக்கிளி குளித்து, பூ வைத்து, வடிவையும் கையில் பிடித்துக்கொண்டு பர்சனல் டிபார்ட்மெண்டுக்கு வந்தாள். ஆர்டர் தயாராக மேஜைமேல் இருந்தது. சீதாராமன் அதை எடுத்துத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இது கமலத்துக்கு வந்த ஆர்டர். நீ அன்னக்கிளி."

"நாந்தான் சார் கமலம்."

"அப்படின்னா நேத்து மேடையில உன்னைப் பத்தி நீயேதான் பேசினியா? அது புகார் ஆச்சே. ஆள்மாறாட்டம் வேற. போலீஸ் கேஸ் ஆயிடும், யோசிச்சுச் சொல்லு."

அன்னக்கிளி திரும்பி நடேசனைப் பார்த்தாள். சார்தான் பேரு வச்சாரு, அவரையே கேளுங்க என்றாள். சீதாராமனும் திரும்பினார்.

"என்ன நடேசன், கமலம்னு ஒருத்தி இருக்காளா, இல்லையா?"

இல்லை என்றால் இத்தனை வருஷமும் இல்லாதவளுக்குச் சம்பளம் எழுதிய கை யாருடையது என்ற கேள்வி வரும். கை நடேசனுடையது. அந்தக் கைக்குப் பென்ஷன் இருக்கிறது, கிராஜுவிட்டி இருக்கிறது, கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு பெண் இருக்கிறாள். நடேசன் வடிவைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"இருக்கா சார்."

அன்னக்கிளி மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். வெளியில் வடிவு தெலுங்கில் ஏதோ கேட்டது காதில் விழுந்தது, அம்மா சொன்ன பதில் விழவில்லை.

அன்று இரவு சாப்பாட்டில் நடேசன் இதைத் தன் மனைவி அபயாம்பாளிடம் சொன்னார். ஏன்னா, இல்லைன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும் என்று அவள் கேட்டாள். வேலை போயிருக்கும் என்றார். அப்ப சரி என்று சொல்லி இன்னொரு கரண்டி ரசம் விட்டாள்.

இருக்கிறாள் என்று சொல்லியாகிவிட்டது. இருக்கிறவளை ஆஜர்படுத்த வேண்டாமா? ஜி.எம். உத்தரவுக்குக் கெடு வேறு இருந்தது. கமலத்துக்கு எங்கே போவது என்று ஆபீஸே தலையைப் பிய்த்துக்கொண்டபோது, தெய்வ சங்கல்பம் போல ஒன்று நடந்தது. சைனிக்புரியில் இருந்த சீதாராமனின் மச்சினி பெயர் கமலம். வயசு இருபத்தெட்டு. ஒரு குழந்தை. பி.ஏ. வேறு. சர்டிபிகேட்டெல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

கமலம் நிரந்தரம் ஆனாள். பி.ஏ. படித்த பெண்ணைப் பாத்திரம் தேய்க்க விடுவது மனித உரிமை மீறல் என்பதால் லைப்ரரியில் உட்கார வைத்தார்கள். அவள் பையனுக்குக் காலனிப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. மேடையில் சொன்ன பெண் குழந்தை பையனானதை ஜி.எம்.மிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஜி.எம். அவளோடு நின்று எடுத்துக்கொண்ட படம் நிறுவனத்தின் பத்திரிகையில் அட்டைப்படமாக வந்தது. வாரத்தைச் சிறப்பாக நடத்திக் கொடுத்ததற்காக நடேசன் சூப்பரிண்டெண்ட் ஆனார்.

ஆறேழு வாரம் கழித்து அன்னக்கிளிக்கு பிரேக் வந்தது. கமலம் என்று எழுத முடியாது, அந்தப் பெயரில் இப்போது நிஜமாகவே ஒருத்தி லைப்ரரியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். சூப்பரிண்டெண்ட் ஆனபிறகு நடேசன் இதற்கெல்லாம் ஆளை அனுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை, தானே கேன்டீன் பின்பக்கம் போனார். அன்னக்கிளி குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நடேசன் தன் கருத்தைச் சொன்னார். இந்த அமைப்பே சரியில்லை, அடியோடு மாற வேண்டும், ஏழைக் குழந்தைகளுக்கும் சமமான கல்வி கிடைத்தால்தான் நாடு உருப்படும் என்றார். மனதாரத்தான் சொன்னார். அன்னக்கிளி அண்டாவுக்குள்ளிருந்து, ஆமா சார் என்றாள்.

அப்புறம் அவர் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். பிரேக்குக்கு ஒரு பேர் வேணுமே, என்ன எழுதட்டும் என்று கேட்டார்.

அன்னக்கிளி தலையை வெளியே எடுத்தாள். முகத்தில் கோபம் இருந்தால் நடேசனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. கணக்குப் போடுகிற முகமாக இருந்தது.

"வடிவுன்னு எய்துங்க சார். எப்டியும் இங்கதான் வரப்போவுது. சர்வீஸாவது இப்பவே ஆரம்பிச்சிடட்டும்."

நடேசனுக்கு ஒரு நிமிஷம் பேனா ஓடவில்லை. அப்புறம் ஓடியது. வடிவு என்று எழுதி, வயசு என்கிற இடத்தில் பதினெட்டு என்று போட்டார்.

அங்கே மேற்கொண்டு நிற்க அவருக்கு நேரமில்லை. 1979ஆம் வருஷத்தைச் சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு என்று உலகமே அறிவித்திருந்தது. நிறுவனத்திலும் அதற்கு ஒரு வாரம் உண்டு, நடேசன்தான் அமைப்பாளர். அன்று சாயங்காலமே தொடக்க விழா. புது ஜிப்பா மாட்டிக்கொண்டு மேடையேறி, குழந்தைகளை வேலைக்கு அனுப்பும் கொடுமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, அது நடிப்பில்லை. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. நீங்களும் நானும் அங்கே இருந்திருந்தால் நாமும் தட்டியிருப்போம்.