வேகன்சி மாட்டிய போர்டு

அம்பத்தூர் எஸ்டேட்டை அரசாங்கம் உருவாக்கியது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. ரோடு போட்டது, மனை பிரித்தது, கரண்ட் கொடுத்தது எல்லாம் அரசாங்கமாகவே இருக்கட்டும். அந்த ஷெட்டுகளுக்குள் ஆளை நிரப்பியது வேகன்சி. பாதி எஸ்டேட்டை அவர்தான் நிரப்பினார் என்று நான் சொன்னால், மீதிப் பாதி என்னோடு சண்டைக்கு வரும்.

வேகன்சி என்பது ஆளின் பெயர்தான். ரேஷன் கார்டில் வேறு ஏதாவது இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

எஸ்டேட் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே கம்பெனி வாசல்களில் சின்னதாக ஒரு கரும்பலகை தொங்கும். ‘ஆட்கள் தேவை: டர்னர் 2, ஃபிட்டர் 1, ஹெல்பர் 5’ என்று சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். வேகன்சி காலை ஏழு மணிக்கு சைக்கிளை எடுத்தால், தெருத் தெருவாகப் போய் அத்தனை பலகையையும் படித்து மண்டையில் ஏற்றிக்கொண்டு ஒன்பது மணிக்கு டீக்கடைக்கு வந்துவிடுவார். வேலை தேடி வந்தவர்கள் அங்கே காத்திருப்பார்கள். கமிஷன் என்ற வார்த்தையை எடுத்தால் அடிக்க வருவார். அவர் மனைவி இட்லிக் கடை வைத்திருந்தார். அதனால் அவருக்குச் சாப்பாட்டுக் கவலை கிடையாது. மொத்தக் கவலையும் அந்த அம்மாவுக்குத்தான்.

நான் திண்டிவனத்திலிருந்து வந்து ஒரு கேட்டின் முன்னால் முழித்துக்கொண்டு நின்றபோது என் பக்கத்தில் சைக்கிள் வந்து நின்றது.

“கைய நீட்டு நைனா.”

நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“இந்தக் கைய மெஷினாண்ட உட்டா ஒரே மாசத்துல நாலு வெரலோட ஊட்டுக்கு வரும். பேசுவியா?”

“சுமாரா பேசுவேண்ணே.”

“சுமாராவா? நா வந்து நின்னு ஒரு நிமிசம் ஆவல. அதுக்குள்ள உங்க ஊர்ல மழ இல்லன்ன, தங்கச்சிக்கு வரன் பாக்கறன்ன, பஸ்ல செருப்பு பூட்ச்சின்ன. டிஸ்பேட்ச்சுக்குப் போ. லாரிக்காரன்கிட்ட மல்லுக்கட்ட இந்த வாய்தான் வோணும்.”

அன்று ஒரு ஸ்பிரிங் கம்பெனி டிஸ்பேட்ச்சில் உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவருக்குக் கூலி ஒன்று உண்டு. வேலை கிடைத்தவன் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் வந்து உட்கார்ந்து, கம்பெனிக்குள் நடப்பதையெல்லாம் ஒப்பிக்க வேண்டும். கேன்டீன் சாம்பார் எப்படி, சூப்பர்வைசர் வாய் எப்படி, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா. இப்படிக் கேட்டுக் கேட்டே, ஒரு கம்பெனிக்குள்ளும் காலை வைக்காமல், எல்லாக் கம்பெனியின் வயிற்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்திருந்தார்.

ஒரு வாசலில் ‘டர்னர் தேவை’ என்ற பலகை மாதக்கணக்கில் தொங்கியது. போகிற டர்னரெல்லாம் ஒரே வாரத்தில் ஓடி வந்துவிடுகிறான். ஒருநாள் வேகன்சி சைக்கிளை நிறுத்தினார், பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார், அதன் கீழே ‘சூப்பர்வைசரும் தேவை’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். செக்யூரிட்டி பாதி தெரு துரத்தினார். முதலாளி மறுநாள் அந்தப் பலகையைப் படித்தார். பத்து நாளில் சூப்பர்வைசர் மாறினார். அதற்குப் பிறகு போன டர்னர் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

அயனம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். மேடையேறி வாழ்த்தப் போனவர், மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார், விடவில்லை. “வெல்டிங் கைடா இது! கொரியர் மூட்டையத் தூக்கிகினு இன்னா பண்ணிகினு கீற?” பின்னால் வரிசை நிற்கிறது, மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை முழிக்கிறான், பெண்ணின் அப்பா வியர்க்கிறார். மறுவீடு முடிந்த கையோடு மாப்பிள்ளை பட்டரைவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட் வாசலில் நின்றான். இன்றைக்கு அவனுக்கே சொந்தமாக ஷெட் இருக்கிறது.

“இவ்ளோ பேருக்கு வேலை வாங்கித் தர்றீங்க. நீங்க ஏண்ணே ஒரு வேலைக்கும் போகல?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எல்லாரும் உள்ள பூட்டா, வெளிய நிக்கிறவன யார் பாக்கறது?” என்றார்.

இப்படிப்பட்டவருக்கே சோதனை வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஸ்பிரிங் கம்பெனி அம்பத்தூரைக் காலி செய்து குத்தம்பாக்கம் தாண்டி, புதிதாக வந்த தொழிற்பூங்காவுக்குப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பழைய ஷெட் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் வரப்போகிறது. டிஸ்பேட்ச்சில் எங்களுக்கு ஸ்கூட்டர் இருந்தது, சமாளித்துவிடலாம். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருபத்தெட்டுப் பெண்கள். காலை ஆறரைக்கு ஷிஃப்ட். இரண்டு பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து, மீதியை நடந்து போய்ச் சேர வேண்டும். அவர்களுக்காக ஒரு பஸ் விடுங்கள் என்றதற்கு, “ஒரு கம்பெனி தனியா பஸ் விட்டா கட்டுப்படி ஆகாதும்மா” என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார்.

அந்த இருபத்தெட்டுப் பேரையும் வேலைக்குச் சேர்த்தது வேகன்சி. அவர்களில் மூத்தவர் பிலோமினா அக்கா. பதினாலு வருஷ சர்வீஸ். ஸ்பிரிங்கை விரலால் ஒருதரம் அமுக்கிப் பார்த்தே இது தேறும், தேறாது என்று சொல்லிவிடுவார். வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கை, இரண்டு பெண்கள் காலேஜில். அக்கா டீக்கடைக்கு வந்து அவர் முன்னால் நின்றார்.

“அண்ணே, நாலு மணிக்கே வீட்ட விட்டு எறங்கினா அவர யாருண்ணே எழுப்பி உக்கார வைப்பாங்க? இங்கயே வேற கம்பெனி பாத்து சொல்லுங்க.”

வேகன்சி கண்ணை மூடினார். எஸ்டேட் முழுக்க மனசுக்குள் ஒரு சுற்று சுற்றுகிறார் என்பது எனக்குத் தெரியும். கண்ணைத் திறந்தபோது முகம் சரியில்லை.

“எல்லா போர்டுலயும் முப்பது வயசுக்குள்ளன்னு போட்டுகிறான் பிலோமி.”

அவர் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற பொருளில் ஒரு பதில் வந்ததை அன்றுதான் கேட்டேன். அக்கா திரும்பி நடந்துவிட்டார். வேகன்சி டீயைக் குடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, “வண்டிய எடு, அந்தப் பூங்காவ ஒரு தபா பாத்துட்டு வருவோம்” என்றார். போனோம். நாலு லாரி சேர்ந்து போகிற அகலத்துக்கு ரோடு. ஏரியைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒவ்வொரு ஷெட்டும். வேகன்சி வண்டியை விட்டு இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கோயிலில்கூட அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“இன்னா நைனா இது! ஒரு ஊரையே உள்ள வெச்சுப் பூட்டலாம் போலகீதே!”

கரும்பலகை ஒன்றுகூட இல்லை. கேட்டுக்கு கேட் ‘உடனடியாக ஆட்கள் தேவை’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். அவர் கிட்டே போய் பேனரைத் தடவினார், அடுத்த கேட்டுக்குப் போய் அங்கேயும் தடவினார்.

“சேப்பு சாயம் ரோஸ் ஆயிட்ச்சு பாத்தியா? ஆறு மாசமா வெயில்ல தொங்குது. அவனுங்களுக்கும் ஆள் கெடைக்கல. இவ்ளோ தூரம் யார் வருவா?” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். கண்ணில் பழைய பளபளப்பு வந்துவிட்டது.

ஒரு வாரம் அம்பத்தூரில் ஆளைக் காணோம். பூங்கா வாசலில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களிடம் சாம்பார் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை பூங்காவின் முகப்பிலேயே, எல்லாக் காரும் உள்ளே திரும்புகிற இடத்தில், புங்க மரத்தில் ஒரு கரும்பலகை தொங்கியது.

‘கம்பெனி தேவை. 28 அனுபவமுள்ள பெண் தொழிலாளர்களுக்கு. தகுதி: அம்பத்தூரிலிருந்து பஸ். தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. மரியாதையாகப் பேசும் சூப்பர்வைசர். தகுதியுள்ள கம்பெனிகள் ஞாயிறு காலை 10 மணிக்கு இம்மரத்தடிக்கு நேரில் வரவும்.’

அடியில் ஒரு போன் நம்பர். வேகன்சியிடம் போன் கிடையாது. அது என் நம்பர்.

அந்த வாரம் நான் பட்ட பாடு! ஒருவர் சிரித்துவிட்டு வைத்தார். ஒருவர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். புதன்கிழமை ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “சார், மெய்யாவே இருபத்தெட்டு பேர் இருக்காங்களா?”

ஞாயிறு பத்து மணிக்கு நாலு கார்கள் வந்தன. நாலு கம்பெனிகளின் எச்.ஆர். மேனேஜர்கள், இஸ்திரி போட்ட சட்டையோடு. வேகன்சி கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டிரம் மேல் குந்தியிருந்தார். பின்னால் பிலோமினா அக்காவும் மற்ற பெண்களும். உலகத்தில் எத்தனையோ இன்டர்வியூ நடந்திருக்கும். அப்படி ஒன்று நடந்திருக்காது.

“ஒங்க கம்பெனில லேடீஸ் பாத்ரூம் எத்தினி சார்?”

“நாலு.”

“ரெண்டுல தாப்பா இல்ல. அத்தையும் சேத்து சொல்லணும்.”

மேனேஜர் போனை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். வேகன்சி அடுத்தவரிடம் திரும்பினார்.

“போன வருசம் சேந்தவங்க ஒங்களாண்ட எத்தினி பேர் இன்னும் கீறாங்க? மத்தவங்க ஏன் நின்னுட்டாங்க? காரணத்த சொல்லுங்க, தப்பா நெனைக்க மாட்டேன்.”

அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, பலகையைப் பற்றிக் கேள்விப்பட்ட எங்கள் மேனேஜர் வண்டியில் வந்து குதித்தார்.

“இவங்கல்லாம் எங்க ஆளுங்க! இது என்னய்யா கூத்து?”

“ஒங்க ஆளா? அப்பறம் ஏன் சார் ரோட்ல உட்டீங்க?” வேகன்சி எழுந்திருக்கவே இல்லை. “வரிசைல நில்லுங்க. ஒங்களுக்கு முன் அனுபவம் கீது, பாத்து செய்யலாம்.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு ஓடி வந்தார். எங்கள் மேனேஜர், நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், வரிசையில் ஐந்தாவதாக நின்றார்.

பிறகு வேகன்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினார். “தபாருங்க. ஒரு கம்பெனிக்கு ஒரு பஸ்சு கட்டாது, ஒத்துக்கறேன். அஞ்சு கம்பெனிக்கு ஒரு பஸ்சு கட்டும். இவங்க இருபத்தெட்டு பேர். மீதி சீட்டுக்கு அம்பத்தூர்லேர்ந்து, ஆவடிலேர்ந்து மத்த நாலு கம்பெனிக்கும் நா ஆள் தர்றேன். பஸ்ச சேந்து உடுங்க. பிலோமி, நீ எந்தக் கம்பெனிக்குப் போற?”

ஐந்து மேனேஜர்களும் அக்காவைப் பார்த்தார்கள். தன்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்பதால் அக்கா திரும்பி மற்ற பெண்களைப் பார்த்தார்.

“எனக்கு ஸ்பிரிங்குதான்ணே பழக்கம்,” என்றார் கடைசியில். “பஸ் வந்தா எங்க கம்பெனியே போதும்.”

மற்ற பெண்களும் தலையாட்டினார்கள். எங்கள் மேனேஜர் வெளியே விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. ஐந்து பேரும் அந்த மரத்தடியிலேயே கை குலுக்கிக்கொண்டார்கள். எங்கள் மேனேஜரைத் தவிர மற்ற நாலு பேரும் ஒரே பூங்காவில் பக்கத்துப் பக்கத்து ஷெட்டில் இருந்தும், அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லையாம்.

பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாள் நான் வேகன்சியை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். மணி ஐந்தரை, வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. அக்கா கடைசியாக வந்தார். “அவர உக்கார வெச்சு, காபியும் குடுத்துட்டு வந்தேண்ணே” என்று சொல்லிவிட்டு ஏறினார். வேகன்சி தலையை மட்டும் ஆட்டினார். எல்லாரும் ஜன்னல் வழியாகக் கையாட்ட, பஸ் கிளம்பியது.

நான் ஸ்கூட்டரை உதைத்தேன். “ஏறுங்கண்ணே, போலாம்.”

“இரு நைனா,” என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “சிக்னல் தாண்டட்டும்.”

நான் இன்ஜினை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.