தட்டைப் பென்சில்காரர்

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப்பையில் பென்சில். கையில், பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு என்று பின்னட்டையிலேயே அச்சிட்ட மாயாஜால நாவல். பிள்ளைகள் புத்தகத்தை ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டுவிடாதீர்கள். படிக்கவில்லை என்பார். சரிபார்க்கிறாராம்.

உத்தமபாளையத்தில் பைப்பும் மோட்டாரும் விற்ற அப்துல் அஜீஸ் இந்த இனத்தில் முதல் தரம். மகள் நிலோபர் எட்டாம் வகுப்பு படிக்கும்போது நூலகத்திலிருந்து ஒரு குண்டுப் புத்தகத்தைத் தூக்கிவந்தாள். அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று வேவு பார்க்கத் திறந்தவர், பிறகு மூடவே இல்லை. மகள் பொறியியல் படித்து, கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்றில் சேர்ந்து, கதைப் புத்தகங்களை மறந்துவிட்டாள். தகப்பன் மறக்கவில்லை. 'கருஞ்சிறகு நாடு' என்ற தொடரில் நான்கு பாகங்களை அதே நூலகத்திலிருந்து எடுத்து முடித்துவிட்டு ஐந்தாவதுக்காகக் காத்திருந்தார்.

இந்த இனம் கதையை முதல் வரியிலிருந்து தொடங்காது. அட்டையின் உட்புறம் இருக்கும் வரைபடத்திலிருந்து தொடங்கும். மாயாஜாலக் கதை என்றால் ஒரு வரைபடம் உண்டு, அதில் ஒரு மலை உண்டு, மலையைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் ஓர் ஆறு உண்டு, அந்த ஆறுதான் முதல் பலி. அப்துல் அஜீஸ், கடையில் தச்சர்களுக்கு விற்கும் சிவப்புத் தட்டைப் பென்சிலால் ஆற்றின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டு ஓரத்தில் எழுதினார்: "மேட்டுக்கு ஓடுகிறது. பெரியாற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவர மலையைக் குடைய வேண்டியிருந்தது. இவர் பேனாவிலேயே கொண்டுவந்துவிட்டார்."

உடனே மகளுக்குப் போன்.

"நிலோபரு, மோட்டாரே இல்லாம தண்ணி ஏறுதும்மா."

"அத்தா, மீட்டிங்ல இருக்கேன்."

"நீ பாட்டுக்கு இரு. எத்தன எச்.பி. வேணும்னு மட்டும் சொல்லிட்டு இரு."

ஆற்றோடு விட்டாரா? மதில் காவலுக்குத் தூங்குமூஞ்சி அரக்கனை நிறுத்தியிருந்தால், 'கோம்பை நாய் இரண்டைக் கட்டியிருந்தால் கதை மூன்றாம் பக்கத்தில் முடிந்திருக்கும்' என்று எழுதுவார். யானைக் கனமுள்ள பறக்கும் பல்லிக்கு இத்துனூண்டு சிறகா என்று கேட்டு, அதன் ஒரு வேளைத் தீனிக்குக் கெங்குவார்பட்டி ஆடுகள் அத்தனையும் போதாது என்பார். எல்லாம் தெரிந்த தாடிக்காரர் முதல் அத்தியாயத்தில் சொல்லியிருக்க வேண்டியதை முப்பத்தெட்டாம் அத்தியாயம் வரை அடைகாத்தால், 'இவரால் நானூறு பக்கம் காகிதம் வீண்' என்று அடிக்கோடு போடுவார். பதினைந்து வயதுப் பையன் படை நடத்தினால் லைசென்ஸ் கேட்பார். சாப்பாடு? நாற்பது நாள் பயணத்துக்கு ஒரே ரொட்டி. அதற்கும் ஒரு கேள்விக்குறி.

ஒரு புத்தகம் நன்றாக இருக்கிறது என்று இந்த இனம் ஒருநாளும் சொல்லாது. எழுதியதைத் திரும்பப் பெறாது. ஒத்துக்கொள்வது என்பது இதன் உடம்பிலேயே கிடையாது.

"இம்புட்டுத் தப்புன்னா எதுக்கு அத்தா அஞ்சாவது பாகம்?"

"அதுலயாச்சும் ஆத்தத் திருத்துறானான்னு பாக்கணும்ல."

பார்க்கவில்லை. ஐந்தாவது வருவதற்குள், ஒரு மத்தியானம், கடையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நிலோபர் ஏழாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். உறவில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு ஊர் வந்தவள், அதே நான்கு பாகங்களையும் புதிதாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். கிறுக்கிக் கெடுத்த புத்தகத்துக்குப் பதில் புதிது கொடுத்தால் பழையதை எடுத்துக்கொள்ளலாம். அது அந்த நூலகத்தின் வழக்கம். அத்தாவின் எழுத்தை வீடு முழுவதும் தேடியிருந்தாள். முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் என்று பில்கள்தான் கிடைத்தன. முழு வாக்கியங்கள் எல்லாம் நூலகத்தில் இருந்தன. அவை அவளுக்கு வேண்டும்.

நூலகர் பாண்டீஸ்வரி புதுப் புத்தகங்களைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

"ஒங்க அத்தா வந்தாகன்னா எனக்குச் சண்டைதான். ஏன் கிறுக்குறீகன்னு கேட்டா, 'கிறுக்கல, திருத்திருக்கேன்'னு சொல்லுவாக."

"அதத்தான்க்கா எடுத்துக்கிறேன். பதிலுக்குப் புதுசு."

"தாராளமா எடுத்துக்க. அதுக்கு முன்னாடி இங்கன பாரு ஆத்தா."

ஒரு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அன்றுதான் திரும்பி வந்து மேசையில் இருந்த அந்த நான்கு புத்தகங்களுக்காகப் பதினொரு பள்ளிப் பிள்ளைகள் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள்.

"சுத்தமான காப்பி இன்னொண்ணு இருக்கு. நீட்டுனா வாங்க மாட்டேங்குதுக. 'பென்சில்காரர் புக்குதான் வேணும்'ங்குதுக. எடுத்துட்டுப் போ, வேணாங்கல. அதுகளுக்கு மட்டும் நீயே பதில் சொல்லிட்டுப் போயிரு."

நிலோபர் முதல் பாகத்தைப் பிரித்தாள். ஒன்பதாம் பக்கம். கதாநாயகனின் தகப்பன் சாகும் இடம். ஓரத்தில் அத்தாவின் பென்சில்: "அப்பன் செத்து இரண்டாவது பக்கத்தில் பையன் குதிரை ஏறிவிட்டான். நாற்பது நாளாவது வீட்டில் இருக்க வேண்டாமா?"

அதன் கீழே நீல மையில், உருண்டை உருண்டையாக, ஏதோ ஒரு பிள்ளையின் எழுத்து: "வீட்டுலயே இருந்தா அழுகையா வரும்ல. அதான் போறான்."

அதற்கும் கீழே மறுபடி தட்டைப் பென்சில். ஐந்தாவதுக்காகக் காத்திருந்த நாட்களில் முதல் பாகத்தை இன்னொரு தடவை எடுத்திருக்கிறார் போல. மூன்றே சொல்: "சரி. ஒத்துக்கொள்கிறேன். போகட்டும்."

நிலோபர் அந்த மூன்று சொல்லையும் இன்னொரு தடவை படித்தாள். பாண்டீஸ்வரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நன்றாகத்தான் சுற்றியது.

பிறகு நான்கு பழைய புத்தகங்களையும் மேசையின் அந்தப் பக்கம் தள்ளினாள் நிலோபர்.

"பிள்ளைகளுக்கே குடுங்கக்கா. அஞ்சாவது வந்துருச்சா?"

"வந்து ஒரு மாசமாச்சு. ரெண்டு பேரு எடுத்துட்டுப் போயி மறுநாளே கொண்டாந்து வச்சுட்டுதுக. இதுல ஒண்ணுமே எழுதலையாம்." பாண்டீஸ்வரி தேதி முத்திரை குத்தி நீட்டினாள். "நூலகப் புக்குல கிறுக்கக் கூடாது. தெரியும்ல?"

"கிறுக்க மாட்டேன்க்கா."

"தப்பு இருந்தா அது வேற விசயம்."

நிலோபர் கடைக்குப் போனாள். ஷட்டரைப் பாதி தூக்கி, உள்ளே உட்கார்ந்து, பெட்டியிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து பிளேடால் சீவினாள். அட்டையைத் திறந்தாள். வரைபடம். மலை. ஆறு.

திருத்தவே இல்லை. இன்னும் மேட்டுக்குத்தான் ஓடியது.

மோட்டார் எதுவும் கண்ணில் படுகிறதா என்று வரைபடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் எழுதினாள்: "குறைந்தது நாற்பது எச்.பி. வேண்டும். கரண்ட் எங்கிருந்து வருகிறது?" பிறகு, அத்தா இருந்திருந்தால் என்ன கேட்பார் என்று தெரிந்ததால், பக்கத்திலேயே இரண்டு வரி கணக்கும் போட்டுக் காட்டினாள். முதல் அத்தியாயத்துக்கு வர அவளுக்கு அரை மணி நேரமாயிற்று.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் நாற்பது எச்.பி. என்று படித்தபோது, மலை எத்தனை அடி உயரம் என்று இவர் சொல்லவே இல்லையே என்று உங்களுக்குள் யாராவது முணுமுணுத்தார்களா? 'மூன்றே சொல்' என்ற இடத்தில் நின்று, எண்ணிப் பார்த்துவிட்டுத்தானே மேலே வந்தீர்கள்?

சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள்.