பட்டு போர்த்திய கம்ப்யூட்டர்

திருப்பதிக்கு வருகிறவர்கள் மலை ஏறுவார்கள். கொஞ்ச நாளாக ஒரு கூட்டம் மட்டும் மலைப் பக்கம் திரும்பாமல், கடைவீதிச் சந்து ஒன்றில் மாடி ஏறிக்கொண்டிருந்தது. கையில் தேங்காய் பழம் கிடையாது. கம்ப்யூட்டர். காய்ச்சல் வந்த பிள்ளையைப் போலத் துண்டில் சுற்றி, தோளில் சாய்த்து, கண் கலங்கத் தூக்கி வந்தார்கள்.

மேலே இருந்தவர் கம்ப்யூட்டர் சாமி. வீட்டில் வைத்த பெயர் விஜயராகவன். கேமிங் கம்ப்யூட்டர் திக்கித் திணறினால் அதற்குக் காரணம் கிரகம் என்று கண்டுபிடித்தவர். இத்தனை காலம் உலகம் முழுக்கப் பொறியாளர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்களோ தெரியவில்லை.

புத்தூர் கோகுலகிருஷ்ணனும் வரிசையில் நின்றான். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. பிராசசர் எப்படி வேலை செய்கிறது என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன். எழுதியதை நம்ப வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இல்லை. அடுத்த ஞாயிறு கல்லூரிகளுக்கிடையே கேமிங் போட்டி. அவனுடைய கம்ப்யூட்டரோ, எதிரி சுடும்போது யோசனையில் ஆழ்ந்துவிடும். ரேம் மாற்றி அப்கிரேட் செய்வதா, புதிதாக ரெடிமேட் மெஷினே வாங்கிவிடுவதா? நைனா மாங்காய் விற்ற பணத்தில் கொடுத்தது ஒரு முடிவுக்குத்தான் போதும்.

சாமி அவனுடைய கேபினெட்டை வாங்கி மணைமேல் வைத்தார். ஒரு கேமை ஓடவிடச் சொன்னார். ஆடும்போதுதான் கிரகம் இறங்குமாம். பிறகு நாலாக மடித்த பட்டு வஸ்திரத்தைக் கேபினெட்டின் மேல் முழுக்கப் போர்த்தி, ஓரத்தில் கற்பூரம் ஏற்றி, மந்திரத்தை ஆரம்பித்தார். மந்திரம் நீளமானது. முடியும் தறுவாயில் திரை நடுங்கியது, உறைந்தது, அணைந்தது.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சனி, பாபு," என்றார் சாமி வருத்தத்துடன். "மதர்போர்டுக்கும் கார்டுக்கும் பொருத்தமே இல்ல. இதுல புது ரேம் போட்டா, அதையும் புடிச்சிக்கும். அப்கிரேட்டுன்றது பாவம். ரெடிமேட் மெஷின்னா எல்லா பார்ட்டையும் ஒரே முகூர்த்தத்துல சேத்திருக்கேன். தெலுசு கதா, புரியுதில்ல?"

"கார்டு, சாமி?"

"அதுலதான் குடியிருக்கான். இங்கயே வுட்டுட்டுப் போ. சுவர்ணமுகி ஆத்துல கரைச்சிடறேன்."

கிராபிக்ஸ் கார்டு தண்ணீரில் கரையுமா என்று கோகுல் கேட்கவில்லை; கழற்றிக் கொடுத்துவிட்டான். வேதியியலில் அவனுக்குப் பயிற்சி குறைவு.

ரெடிமேட் மெஷின்கள் எதிரே, ஏசிக் காற்றுக்கு நேராக, ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் துணியால் கட்டு. மூன்று மாதம் அதைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் பலன் போய்விடும். புத்தூர்க்காரர்களுக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஊரில் பிறந்தவர்கள். கட்டு என்று ஒன்றைக் கண்டால், வைத்தியர் சொல்லாமல் அதில் கை வைக்கமாட்டார்கள். உள்ளே கால் இருக்கிறதா கம்ப்யூட்டர் இருக்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

வீட்டில் அவனுடைய அக்கா அலர்மேல்மங்கை சோறு தின்றுகொண்டிருந்தாள். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வெளியே போகும் பொருளைத் தட்டி, குலுக்கி, சூடேற்றிப் பார்த்து, தேறாததைத் தள்ளுவது. அந்தக் கார்டு இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. தன் பாதியை நிலைநாட்ட, அதன் முதுகில் சிவப்பு நெயில் பாலிஷில் 'அ' என்று எழுதிவைத்திருந்தாள்.

"இன்னாடா, என் கார்டையும் சேத்தா ஆத்துல வுட்ட?"

"சனி இருந்துச்சிக்கா. என் கண்ணு முன்னாலயே ஆஃப் ஆச்சி."

"ஆஃப் ஆவும்போது மேல இன்னா இருந்தது?"

"பட்டு வஸ்திரம்."

அக்கா சாப்பாட்டை நிறுத்தவில்லை. "உன்னக்கூட கம்பளில சுத்தி ஓடவுட்டா ஆஃப் ஆயிடுவ. பணம் குடுத்துட்டியா?"

"வியாழக்கிழமை, மெஷின் எடுக்கும்போது."

"சரி. நானும் வரேன்."

வியாழக்கிழமை மாடியில் கால் வைக்க இடமில்லை. சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலை வைத்திருப்பவரின் மகன் சுதீர், பணம் கட்டிவிட்டு, தன் மஞ்சள் கட்டு மெஷினை மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா சாமியை வணங்கி, அந்த மெஷினைக் காட்டினாள்.

"சாமி, இதுல சனி இல்ல, அவுனா?"

"சுத்தமானதும்மா."

"அப்ப அதே பட்டை இது மேலயும் போத்தி, அதே மந்திரத்தைச் சொல்லுங்க. நம்ம தம்பி நம்பிக்கையா வாங்கிப்பான்."

சாமி சிரித்தார். "தோஷம் இல்லாததுக்கு எதுக்கும்மா பரீட்சை?"

அப்போது அவரைக் கவிழ்த்தது பகுத்தறிவு அல்ல, பக்தி. சுதீர் எழுந்து நின்றான். "பண்ணுங்க சாமி. என் மெஷின் ஜெயிக்கிறத எல்லாரும் பாக்கட்டும். வீடியோ எடுத்துக்கறேன்."

கூட்டம் "ஆமா, ஆமா" என்றது. இலவசக் காட்சியை எந்தக் கூட்டம் வேண்டாம் என்றது? சாமி மந்திரத்தைச் சுருக்கப் பார்த்தார். "அன்னைக்குச் சொன்னது இதவிட நீளம் சாமி," என்று கோகுல் உண்மையான பக்தியுடன் எடுத்துக்கொடுத்தான். சுதீர் கேமை ஓடவிட்டான், அக்கா பட்டின் ஓரங்களை மரியாதையாக இழுத்துவிட்டாள். கற்பூரம் எரிந்தது. உள்ளே ஃபேன்கள் ஆட்டோ மேடேறுவதுபோல் இரைந்தன. திரை நடுங்கியது. உறைந்தது. அணைந்தது.

இந்தமுறை யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

"நாஸ்திகப் பார்வை பட்டுடுச்சி," என்றார் சாமி.

"பார்வை பட்டா நிக்கிற மெஷினைப் போட்டிக்கு எப்படி சாமி எடுத்துகினு போறது? எதிர் டீம் முழுக்க மொறைச்சிகினுதான இருப்பான்?" என்றாள் அக்கா.

சுதீர் மஞ்சள் கட்டில் கை வைத்தான். புத்தூர்க்காரர்கள் சிலர் பதறி, "மூணு மாசம் ஆவலப்பா," என்றார்கள். அவன் கேட்கவில்லை. கட்டுப் பிரிந்தது, பலகை கழன்றது. உள்ளே, ஒரே முகூர்த்தத்தில் சேர்த்த புத்தம்புதிய கார்டின் முதுகில், சிவப்பாக ஓர் 'அ'.

கோகுலுக்கு முதலில் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அந்த எழுத்துக்காக அக்காவோடு ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டது ஞாபகம் வந்தது. "அக்கா, அது நம்ம கார்டு," என்றான்.

சாமியின் மூளை மட்டும் எந்தச் சூட்டிலும் நிற்காத ரகம். கண்ணை மூடி, கையைத் தூக்கினார். "ஆத்துல வுட்டேன். தோஷம் கழுவி, தாயி திருப்பிக் குடுத்திருக்கா. அற்புதம்."

பின்வரிசையில் இரண்டு பேர் உடனே கும்பிட்டார்கள். அவர்களுடைய கார்டுகளும் அதே ஆற்றில்தான் போயிருந்தன.

"ஆத்துல முழுகி வந்ததுல போன மாச தூசி அப்படியே இருக்குது பாருங்க சாமி," என்றாள் அக்கா. "தாயி தொடைக்க மறந்துட்டா போல."

அதற்குள் சுதீர் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டான். ஆற்றில் கரைந்த கார்டுகள் அனைத்தும் அலமாரியில் காய்ந்த நிலையில் வரிசையாக இருந்தன. கூட்டம் தத்தம் சனியை அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டது. சாமி, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். சுதீர் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

ஊர் திரும்பியதும் அக்காவும் தம்பியும் பழைய கேபினெட்டைத் திறந்து தூசி ஊதினார்கள். அதற்கே அது பாதி குணமானது. கார்டைச் செருகினார்கள். மீதிக்குப் புது ரேம் ஒன்று. நைனாவின் பணத்தில் பெரும்பகுதி நைனாவிடமே போனது. அவர் அதைத்தான் அற்புதம் என்றார்.

ரேமைக் கையில் பிடித்துக்கொண்டு கோகுல் தயங்கினான். "அக்கா, இப்ப ராகுகாலமா பாரேன்."

அக்கா கொடியில் கிடந்த போர்வையை எடுத்து அவன் தலைமேல் போர்த்திவிட்டுப் போனாள்.

அவள் செய்தது சரிதான். துணி போர்த்திய கம்ப்யூட்டர் சூடேறும், இரையும், கடைசியில் நின்று ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். துணி போர்த்திய மூளை சூடேறுவதும் இல்லை, இரைவதும் இல்லை. அதனால் அது நின்றுபோனது யாருக்கும் தெரிவதில்லை. எதற்கும் உங்கள் தலையை ஒருமுறை தடவிப் பாருங்கள். கைக்குப் பட்டு தட்டுப்பட்டால், முகூர்த்தம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள்.