சம்பந்தியின் மடியில் ஊர்ந்தது

திருநின்றவூர்
12-2-1974

மரியாதைக்குரிய சம்பந்தி துளசிராமன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். என் மனைவி சம்பூர்ணமும் நலம் என்று இந்த முறை மனதறிய எழுத முடிகிறது. மீஞ்சூரில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மற்ற எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். என் மேல் உள்ள கோபமும் சற்றுத் தணிந்திருக்க வேண்டும்.

சம்பூர்ணத்தின் வயிற்றுக் கட்டி கரைந்துவிட்டது. திருவள்ளூரில் பெரிய டாக்டர் அதைப் புற்று என்று சந்தேகித்து வெள்ளிக்கிழமை அறுவைக்கு நாள் குறித்தது தங்களுக்குத் தெரியும். பரிசோதனைக்கூடத்து டாக்டர் மேரியம்மாதான், "அமீபாவாக்கூட இருக்கலாம் சார், மலத்தைப் பாத்துடலாம்" என்றார். முதல் தடவை நான் கொண்டுபோனது வழியிலேயே ஆறிவிட்டது. "ஆறிப்போச்சுன்னா சுருண்டு படுத்துக்கும் சார். ஊர்றதைப் பாத்தாத்தான் அதுதான்னு நிச்சயமா சொல்லலாம். சூடா கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அது ஒரே உயிரணுவாலான பிராணி. கண் இல்லை, மூக்கு இல்லை. உடம்பு முழுவதும் நாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோடு உள்ளே போகும்போது ஓட்டுக்குள் தூங்கிக்கொண்டு போகும். இரைப்பையின் புளிப்பு பட்டாலும் கதவைத் திறக்காது. குடலில் பித்தம் கலந்த இடம் வந்ததும், நம் ஊர் வந்துவிட்டது என்று எழுந்து இறங்கிவிடும். ஆவடி தாண்டும் வரை குறட்டை விட்டுவிட்டு வேர்க்கடலை வாசனைக்குத் தாங்கள் எழுந்து உட்காருவீர்களே, ஏறக்குறைய அப்படி. பிறகு இரை எந்தப் பக்கம் கரைந்து வருகிறதோ அந்தப் பக்கம் உடம்பையே கையாக நீட்டி நகரும்.

ஆகவே மறுநாள் டப்பாவை வெந்நீரில் நனைத்த துணியில் சுற்றி, அதன்மேல் துண்டைச் சுற்றி, துணைக்கு வந்த தங்களோடு ரயில் ஏறினேன். வண்டி செவ்வாப்பேட்டையில் நின்றது நின்றதுதான். பனிக்காற்று. நானோ டப்பா ஆறுகிறதே, வெள்ளிக்கிழமை வருகிறதே என்று துண்டை இறுக்கி இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தாங்கள், "இன்னா சம்பந்தி, கோயில் பொங்கலா? குடுங்க, நான் வெச்சிக்கினு வரேன். குளுருக்கு நல்லாக்கீது" என்று வாங்கிப் போர்வைக்குள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பெட்டி நிறைய ஜனம். "பத்திரம்" என்று மட்டும் சொன்னேன்.

மேரியம்மா மூடியைத் திறந்தபோது தாங்கள் "ஐயோ, பொங்கலை இன்னாத்துக்கு அவங்க கைல குடுக்கிறே?" என்று எட்டிப் பார்த்ததும், "அட நைனா! இதையா மடியில வெச்சிக்கினு வந்தேன்? நீயெல்லாம் ஒரு வாத்தியாரா?" என்று கேட்டதும், ஆஸ்பத்திரிக் குழாயடியில் ஒரு முழு சோப்பைக் கரைத்ததும், என்னோடு பேசாமல் மீஞ்சூர் போய்ச் சேர்ந்ததும் சரிதான், நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் தாங்கள் குழாயடியில் இருந்தபோது உள்ளே மேரியம்மா, "ஊருது சார்! ஜோரா ஊருது!" என்று கூவினார். பெரிய டாக்டரும் வந்து குனிந்து பார்த்துவிட்டு அறுவையை நிறுத்தினார். மாத்திரையும் ஊசியும்தான். நேற்று சம்பூர்ணம் இரண்டு கவளம் அதிகம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தங்கள் மடிச்சூடு இல்லாவிட்டால் இந்நேரம் அவளை அறுத்திருப்பார்கள். இந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன்?

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, நல்ல ஜீரணத்தோடு இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
மணவாளன்

பி.கு: இதை உறையில் போடும்போது மகள் குணசுந்தரி மீஞ்சூரிலிருந்து வந்து சேர்ந்தாள். பேரனுக்குக் காது குத்திய நாள் முதல் தங்கள் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுக்கடுப்பாமே! அன்று சம்பூர்ணமும் தங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தாள். உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு ரயிலேறிப் போய் மேரியம்மாவிடம் சொன்னேன், அங்கிருந்துதான் வந்திருக்கும் என்கிறார். ஆக, தாங்கள் மடியில் வைத்துக் காப்பாற்றியது தங்கள் ஊர்க்காரரைத்தான். கிணற்றுக்கு உடனே பிளீச்சிங் பவுடர் போடவும். திங்கட்கிழமை குடும்பத்தோடு திருவள்ளூர் வரவும். ஆளுக்கொரு டப்பா. சூடாக.