சுவரில் ஏறிய அலை

குளியலறைக் கண்ணாடி வாஷ்பேசினுக்கு நேராக இல்லை. ஒரு விரல் அகலம் இடப்பக்கம் தள்ளியிருந்தது.

கப்பல் ஜன்னல் போல வட்டமான கண்ணாடி. விளிம்பைச் சுற்றி முறுக்குக் கயிறு ஒட்டியிருந்தது. மாட்டிய தச்சர் வேறு வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் மற்ற யாருக்கும் அந்த ஒரு விரல் தெரியவில்லை. மதிப்பீட்டாளருக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு, பல் தேய்க்கும்போதெல்லாம் வேறெதுவும் தெரியவில்லை.

அவர் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் நீர்ச் சேதங்களை மதிப்பிடுபவர். யார் வீட்டுச் சுவரிலாவது தண்ணீர் இறங்கினால் டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு போவார். கறையைப் பார்த்தே அதன் வயதைச் சொல்வார். வெளிறிய வட்டம் என்றால் மூன்று நாள். ஓரத்தில் பழுப்புக் கோடு விழுந்திருந்தால் பத்து நாள். "பத்து நாட்களாகத் தெரிந்தும் உரிமையாளர் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று எழுதி, விண்ணப்பத்தை நிராகரிப்பார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கறையின் வயதைக்கூட அவர் தவறாகச் சொன்னதில்லை. நிராகரிக்கப்பட்டவர்கள் அவருக்குக் 'காய்ஞ்ச மனுஷன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கண்ணாடியைச் சரியாக மாட்ட ஒரே ஒரு துளை போட வேண்டும். டிரில் மெஷின் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. குறுக்கே நின்றது ஒப்பந்தம்.

மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். குளியலறையையும் படுக்கையறையையும் கடலோர வீடு போல மாற்ற வேண்டும் என்பது அவளுடைய இரண்டு வருட ஆசை. வீட்டிலிருந்து கடலுக்கு ரயிலில் ஒன்பது மணி நேரம் ஆகும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "அதனாலதான் இங்க கொண்டு வர்றேன்" என்றாள். வேலை தொடங்கும் முன்பே சாப்பாட்டு மேசையில் பேச்சு முடிந்தது.

"எல்லாத்தையும் ஆளுங்க செய்வாங்க. நீங்க டிரில்லைத் தொட்டீங்கன்னா உங்க ரூமையும் சேர்த்துக் கடலாக்கிடுவேன்."

"நீ தொட்டா?"

"நான் ஏன் தொடப் போறேன்? தொட்டா உங்க ரூமைப் பத்தி ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டேன்."

கல்லூரியில் படிக்கும் மகள் சாட்சி. மூன்று வருடத்துக்கு முன்பு சமையலறைக் குழாயை அவர் சரிசெய்ததில் மூன்று மாடிக்கும் இரண்டு நாள் தண்ணீர் வராமல் போன கதை தெரிந்தவள் என்பதால், அவளும் இதை நியாயம் என்றாள்.

அவருடைய அறை சின்னது. தேநீர் நிறச் சுவர், பழுப்பு அலமாரி, நடுவில் பள்ளம் விழுந்த சாய்வு நாற்காலி, பாடாத ஒரு ரேடியோ. அந்த வீட்டில் அவரை யாரும் எதுவும் கேட்காத ஒரே இடம்.

சனிக்கிழமை மதியம் மனைவியும் மகளும் சோழி வாங்கக் கடைக்குப் போனார்கள். மதிப்பீட்டாளர் நான்கே நிமிடத்தில் வேலையை முடித்தார். தூளைத் துடைத்தார். மெஷினைப் பழைய இடத்தில், பழைய கோணத்திலேயே வைத்தார். கண்ணாடி இப்போது நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"அப்பா, காதுல என்ன வெள்ளையா?" என்றாள் திரும்பி வந்த மகள்.

"பவுடர்."

"காதுக்கா?"

"வேர்க்குது."

மனைவியும் அந்தக் காதைப் பார்த்தாள். சோழிகளைக் கழுவப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, படுக்கையறையில் அழுக்குத் துணிக் கூடை வழியில் இருந்ததால் அதை நகர்த்தினார். கூடை எப்போதும் கதவோரம் இருக்கும். பெயிண்டர் இந்தப் பக்கம் தள்ளியிருக்க வேண்டும். கூடைக்குப் பின்னால், புதிதாக வெள்ளையடித்த சுவரில், உள்ளங்கை அளவுக்கு ஒரு ஈரக் கறை.

அந்தச் சுவருக்கு மறுபுறம் குளியலறை.

மதிப்பீட்டாளர் மண்டியிட்டு டார்ச் அடித்தார். ஓரத்தில் பழுப்புக் கோடு. பத்து நாள் என்றது கண். அவர் துளை போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. 'புதுப் பூச்சு. புதுப் பெயிண்ட். கணக்கு மாறும்' என்று சொல்லிக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் தன் கண்ணையே அவர் நிராகரித்தது அதுதான் முதல் தடவை.

பால்கனிக் கதவுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"சார், இது ஈரம்."

"இது அலை."

பெயிண்டர் சுவரைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "எது சார்?"

"நீங்க போடப் போறது. இந்த இடத்துல நீலத்துல அழகா ஒரு அலை போடுங்க."

"காயாம மேல அடிச்சா நிக்காது சார்."

"நிக்கிற வரைக்கும் நிக்கட்டும். யாராவது கேட்டா உங்க ஐடியான்னு சொல்லுங்க."

சாயங்காலம் மனைவி வந்தாள். நகர்ந்திருந்த கூடையைப் பார்த்தாள். அலையைப் பார்த்தாள். கடைசியாக அவர் முகத்தைப் பார்த்தாள். மதிப்பீட்டாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு ஐடியா இது?"

"பெயிண்டர்தான்."

"கனவுல வந்துச்சும்மா" என்றார் பெயிண்டர், தேவைக்கு மேல் போய்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இன்னும் கொஞ்சம் பெரிசாக்கூடப் போடலாம்."

அவருக்கு நம்ப முடியவில்லை. நான்கு வகை வெள்ளையைப் பார்த்து நான்கையும் வேண்டாம் என்றவள். ஒரு டைல் அரை நூல் ஏறியிருந்ததென்று டைல்ஸ்காரரை இரண்டு முறை வரவழைத்தவள். அவளா இது? தப்பித்தோம் என்று நினைத்தாரே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை ஈரம் அலையைத் தாண்டியது. பெயிண்டர் அலையை இடுப்பு உயரத்துக்கு உயர்த்தினார். கனவு தன்னுடையது என்று அவரே நம்பத் தொடங்கியிருந்ததால், கேட்காமலே ஒரு மீனும் போட்டார்.

"அப்பா, அலை வளர்ந்திருக்கு."

"கடல்னா அப்படித்தான் இருக்கும்."

"சுவத்துலயுமா?"

வெள்ளிக்கிழமை பெயிண்ட் கொப்பளித்தது. மனைவி கிட்டே போய்ப் பார்த்து, "நுரையை எவ்வளவு தத்ரூபமா போட்டிருக்காரு" என்றாள். சனிக்கிழமை தரையிலும் ஈரம் கசிந்தது. மதிப்பீட்டாளர் ஒரு தட்டில் மணல் கொட்டிச் சுவரோரம் வைத்தார். கடற்கரை மூலை என்று அறிவித்தார். மனைவி அதில் தன் கையாலேயே சோழிகளை அடுக்கினாள்.

"ஒரு தட்டு போதாதுங்க. ஒரு மூட்டை கொண்டு வாங்க. சுவர் முழுக்க ஓரமா போட்டுடலாம்."

அவர் மணல் மூட்டையைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறினார். அவளுடைய பெருந்தன்மை அவரை உறுத்தியது. இப்படிப்பட்டவளிடம் ஒரு துளையை மறைக்கிறோமே என்று இரண்டாவது மாடியில் நின்று வருந்தினார். சொல்லிவிடலாமா என்று யோசித்தார். சாய்வு நாற்காலி ஞாபகம் வந்தது. மீதி மாடியையும் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அக்கா வந்தாள். படுக்கையறைக்குள் நுழைந்ததும் மூச்சை இழுத்தாள்.

"ஏய், கடல் வாசனைகூட வருதுடி! எப்படி?"

"எல்லாம் அவருதான் அக்கா."

"தம்பிக்கு இவ்வளவு ரசனையா? இத்தனை வருஷம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

சொல்லிக்கொண்டே நுரையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். மதிப்பீட்டாளர் குறுக்கே பாய்ந்து சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நிற்பதற்குக் காரணம் வேண்டுமே என்று பேசத் தொடங்கினார். நீலம் மனதை அமைதியாக்கும் என்றார். பழுப்பு நிறம் மனிதனை மந்தமாக்குகிறது என்றார். கடல் இல்லாத வீடு வீடே இல்லை என்றும் சொன்னார். பத்து நிமிடம் பேசினார்.

மனைவி குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும் கேட்டாள்:

"இவ்வளவு பிடிச்சிருக்கா உங்களுக்கு? அப்ப உங்க ரூமை மட்டும் எதுக்கு விட்டு வைக்கணும்?"

"அதானே" என்றாள் அக்கா.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் சுவரிலிருந்து விலக வேண்டும்.

"செய்யலாமே" என்றார் மதிப்பீட்டாளர்.

ஒப்பந்தத்தை மீறினால் போயிருக்க வேண்டிய அறை, மீறியதை மறைத்ததில் போயிற்று.

திங்கட்கிழமை அவர் லீவு போட்டார். மனைவி பள்ளிக்கும் மகள் கல்லூரிக்கும் போன பிறகு, பெயிண்டர் சாய்வு நாற்காலியை வராந்தாவில் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் வாளியோடு நுழைந்தார். மதிப்பீட்டாளர் சமையலறைக்குப் போனார். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சோழிக் காந்தத்தின் கீழ் பிளம்பர் நம்பர் எழுதிய சீட்டு இருந்தது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

பிளம்பர் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றினார். வழி கேட்காமல் நேராகக் குளியலறைக்குள் போனார். அனுபவம் உள்ளவர் என்று மதிப்பீட்டாளர் மெச்சிக்கொண்டார்.

"கண்ணாடிக்குப் பின்னாடிங்க. நான்தான் டிரில் போட்டேன். பைப்ல பட்டிருக்கு. என் மனைவிக்குத் தெரியக் கூடாது."

பிளம்பர் கண்ணாடியை இறக்கினார். துளையைப் பார்த்தார். எதையோ சொல்ல வந்து, விழுங்கினார்.

"ஆமா சார். இந்தத் துளைதான்" என்றார் தரையைப் பார்த்தபடி.

பிறகு கண்ணாடியை விட்டுவிட்டு, ஷவர் குழாய்க்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் இருந்த பித்தளை மீனிடம் போனார். கால் துடைக்கும் துண்டை மாட்டும் கொக்கி அது. டைல்ஸ்காரர் மாட்டியது என்று மனைவி சொல்லியிருந்தாள். பிளம்பர் அதைத் திருகத் தொடங்கினார்.

"அதை ஏன் கழட்டுறீங்க?"

"சும்மா சார்."

மீன் கையோடு வந்தது. அது இருந்த இடத்திலிருந்து தண்ணீர் கம்பி போலப் பீய்ச்சி மதிப்பீட்டாளரின் மார்பில் அடித்தது. பிளம்பர் வால்வை மூட ஓடினார்.

மதிப்பீட்டாளர் சட்டையைப் பிழியாமல் டார்ச்சை எடுத்தார். தன் துளைக்குள் வெளிச்சம் அடித்தார். காய்ந்த செங்கல். செங்கல் தூள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. குனிந்து மீன் இருந்த துளைக்குள் அடித்தார். குழாயில் சுத்தமாக ஒரு ஓட்டை. பழுப்புக் கோடு ஞாபகம் வந்தது. விரல் விட்டு எண்ணினார். மீன் சுவருக்கு வந்த நாளும் கறையின் வயதும் சரியாகப் பொருந்தின.

இருபத்திரண்டு வருடக் கண் பொய் சொல்லவில்லை.

"டைல்ஸ்காரன்!" என்றார். "அவன் செஞ்ச வேலைக்கு நான் மணல் சுமந்திருக்கேன். இருங்க, அவனை இப்பவே..." என்று போனைத் தேடினார்.

அவருடைய அறையிலிருந்து பெயிண்டரின் குரல் வந்தது. "சார், முதல் கோட்டிங் முடிஞ்சுது! இனி பழைய கலரைத் தேடினாலும் கிடைக்காது!"

பிளம்பர் பித்தளை மீனைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"டைல்ஸ்காரரைத் திட்டாதீங்க சார், பாவம். மீனை மாட்டினது அம்மாதான். காலையிலகூடப் போன் பண்ணி, உங்க ரூம்ல பெயிண்ட் காயற வரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னாங்க. காஞ்சிருக்கும்ல சார்?"