சடையாண்டி பெரியவனா, புகழேந்தி பெரியவனா

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது என்று ஆரம்பித்தால், எந்தக் கரடி என்று அந்தக் காட்டில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கரடி என்றால் சடையாண்டிதான். இளமையில் குத்துச்சண்டையில் பெரிய பேர் வாங்கிய கரடி. அந்தக் காலத்தில் கையுறை கிடையாது, மணி கிடையாது, சுற்றுக்கு நடுவே முகத்தில் தண்ணீர் தெளிக்க ஆள் கிடையாது. ஒருவர் விழும்வரை சண்டை. விழுந்தவர் தானே எழுந்து வீட்டுக்கு நடந்து போனால் அது நல்ல சண்டை. சடையாண்டியின் இடக்கைக் குத்து விலாவில் இறங்கினால், வாங்கியவருக்குக் கொஞ்ச நேரம் தன் பெயரே நினைவுக்கு வராது.

இப்போது வயதாகிவிட்டது. மூட்டுவலி வேறு. காலையில் புற்றைத் தோண்டிக் கறையான் சாப்பிட்டுவிட்டு, மரநாய் நடத்தும் டீக்கடையில் போய் உட்காரும். அவ்வளவுதான் அதன் நாள்.

கரடி ஓய்வு பெற்று வெகு காலம் கழித்து, புகழேந்தி என்ற சிறுத்தை வந்தது. நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, சிவப்புக் கையுறை மாட்டிக்கொண்டு சண்டை போடும். கால் தரையில் பட்டதா என்று சந்தேகமாக இருக்கும். எதிரில் நிற்பவர் குத்துவார். குத்து போய்ச் சேரும்போது சிறுத்தையின் முகம் அங்கே இருக்காது. காட்டில் எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலம் ஆகையால், புகழேந்தியின் சண்டைகளை எல்லாரும் ஓட்டிப் பார்த்தார்கள், நிறுத்திப் பார்த்தார்கள், சாப்பிடும்போதும் பார்த்தார்கள். சடையாண்டியின் சண்டைகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பார்த்தவர்கள் சொன்னதுதான். பார்த்தவர்கள் செத்துப்போன பிறகு, அவர்களைப் பார்த்தவர்கள் சொன்னது.

ஆகவே, இருவரில் யார் பெரியவன் என்ற கேள்வி எழுந்தது. காடு இரண்டாகப் பிரிந்தது. கரடிக் கட்சிக்குக் காட்டுப்பன்றி தலைவர். சிறுத்தைக் கட்சிக்கு மயில்.

"சடையாண்டி ஒரு குத்து விட்டா யானையே உக்காந்துரும். உக்காந்திருக்கு," என்றது பன்றி, டீக்கடையில்.

பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த கரடி, "அது சேத்துல வழுக்கி விழுந்துச்சு தம்பி. நான்தான் தூக்கிவிட்டேன்," என்றது.

"பாத்தீங்களா அடக்கத்தை. யானையை அடிச்சுப்போட்டு, தூக்கியும் விட்டிருக்காரு," என்றது பன்றி. அன்றிலிருந்து கதை அப்படியே பரவியது.

மயில் விடவில்லை. "அந்தக் காலத்துல இவருக்கு எதிர்ல நின்னது யாரு? ரெண்டு கிழட்டு ஓநாய், கண்ணு தெரியாத ஒரு கரடி. புகழேந்தி முன்னாடி ஒரு நிமிஷம் நிக்க முடியுமா?"

கரடிக்கு டீ இறங்கவில்லை. காட்டெருமை ஒன்றுடன் மோதித் தாடை உடைந்தும் அதைக் குத்தி வீழ்த்தியது நினைவு வந்தது. மழைக்காலத்தில் இன்னும் அந்த இடம் வலிக்கும். ஆனால் அந்த எருமை இப்போது இல்லை. வலிக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? குகைக்குப் போகிற வழியில் அதற்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையில் நான் நன்றாகத்தான் சண்டை போட்டேனா? அல்லது அன்றைக்கு எல்லாருமே சுமார்தானா?

மறுநாள் காலை சிறுத்தையே குகை வாசலில் வந்து நின்றது.

"ஐயா, நான் புகழேந்தி."

"தெரியும்ப்பா. உக்காரு."

"உங்களோட சண்டைக்கு வரல. புலம்ப வந்தேன்." சிறுத்தை ஒரு பாறையில் உட்கார்ந்தது. "ஒவ்வொரு தடவை ஜெயிச்சதும், சடையாண்டி இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்கறாங்க. போன சண்டையில கால் சுளுக்கியும் ஜெயிச்சு வீட்டுக்குப் போறேன். எங்கம்மா கதவைத் திறந்ததும் அதைத்தான் சொன்னாங்க."

கரடிக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கும் அதே கதைதான். டீயில சர்க்கரை போட்டா, புகழேந்தி சர்க்கரையைத் தொட மாட்டாருன்னு காதுபடச் சொல்றாங்க."

"இன்னிக்கு ஆத்தங்கரையில நரி விவாதம் வைக்குது. ரெண்டு பேரும் போய் உள்ளதைச் சொல்லிட்டா முடிஞ்சிரும்."

நரி செல்போனில் ஒரு சேனல் நடத்திவந்தது. இரண்டு வீரர்களையும் கற்பனையாக மோதவிடும் ஒரு செயலிகூட வைத்திருந்தது. காலையில் தட்டினால் கரடி ஜெயிக்கும், மாலையில் தட்டினால் சிறுத்தை. ஒரு தடவை தவறிப்போய் முயல் ஜெயித்துவிட்டது. அதற்கும் ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

ஆற்றங்கரையில் காடே கூடியிருந்தது. பன்றி பேசி முடித்து, மயிலும் தோகையை விரித்துப் பேசி முடித்ததும் கரடி கையைத் தூக்கியது.

"நான் பார்த்தவரைக்கும் சொல்றேன். இந்தப் பையனோட தலையை என்னால தொட முடியாது. இவ்வளவு வேகம் நாங்க யாரும் பார்த்ததில்ல. ஆனா விலாப் பக்கம் காவல் கொஞ்சம் லேசா வெக்கிறாரு. அங்க ஒண்ணு இறங்கிட்டா எழுந்திருக்கிறது கஷ்டம். எது முதல்ல நடக்கும்னு எனக்குத் தெரியாது."

"ஐயா சொல்றது சரி. விலாவுல எனக்குப் பயம் உண்டு," என்றது சிறுத்தை.

கூட்டம் முகம் சுளித்தது.

"ஐயாவுக்கு வெயில் ஒத்துக்கல போல. நிழல்ல உக்கார வையுங்க," என்றது பன்றி.

மயில் சிறுத்தையைப் பார்த்து, "பயம்னு சொல்ற ஆளுக்கா நான் தொண்டை கட்டக் கத்தினேன்?" என்றது.

நரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "அன்பர்களே, இந்த விவாதம் நடுநிலையா நடக்கணும். இவங்க ரெண்டு பேரும் விஷயத்துல நேரடியாச் சம்பந்தப்பட்டவங்க. அதனால கருத்துச் சொல்றது முறையில்ல. தயவுசெஞ்சு வெளியே இருங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். அன்று இரு கட்சியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கரடியும் சிறுத்தையும் திரும்பி நடந்தார்கள். வழியில் சண்டைக்களம் இருந்தது. எப்போதும் நாலு பேர் இருக்கும் இடம், இன்று ஈ காக்கை இல்லை. சிறுத்தை நின்றது.

"ஐயா, தப்பா நினைக்கலேன்னா..."

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றது கரடி. "ஆனா ஒண்ணு. வயசைப் பார்த்துக் குத்தினா நான் பாதியிலயே போயிடுவேன்."

சிறுத்தை வயதைப் பார்க்கவில்லை. முதல் சுற்றில் கரடியின் முகத்தில் குத்து மழையாகப் பெய்தது. கரடி குத்திய இடத்தில் எல்லாம் காற்றுதான் இருந்தது. இரண்டாவது சுற்றில் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. இதுபோல ஒருவனோடு நான் மோதியதே இல்லை என்று கரடிக்குப் புரிந்தது. அதில் வருத்தம் வர வேண்டும். வரவில்லை. ஒற்றைக் கண்ணால் சிறுத்தையின் காலை மட்டும் பார்த்தது. வலக்கால் திரும்பும் நேரம் முழங்கை மேலே ஏறுகிறது. மூன்றாவது சுற்றில் கால் திரும்பியது, முழங்கை ஏறியது, கரடியின் இடக்கை இறங்கியது.

சிறுத்தை மெதுவாக, யாரோ நாற்காலி போட்டதுபோல, மண்ணில் உட்கார்ந்தது. வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. கரடி ஜெயித்தேன் என்று நிமிர நினைத்தது. முழங்கால் மடங்கி, அதுவும் பக்கத்திலேயே உட்கார்ந்தது. எண்ணுவதற்கு யாரும் இல்லை. யார் முதலில் எழுந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. வெகுநேரம் யாரும் எழவில்லை.

"அந்தக் காட்டெருமை கதையைக் கேட்டிருக்கேன். அது எப்படி விழுந்துச்சுன்னு இப்பத் தெரியுது," என்றது சிறுத்தை, மூச்சு வந்ததும்.

கரடியின் ஒற்றைக் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் குடைந்துகொண்டிருந்த சந்தேகம் போய்விட்டது. ஆற்றங்கரைப் பக்கமிருந்து பெரிய கைதட்டல் கேட்டது. அங்கே யாரோ நல்ல பாயிண்ட் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை, கரடி வீங்கிய கண்ணோடு டீக்கடைக்குப் போனது.

"தேனெடுக்கப் போனீங்களா?" என்று மரநாய் கேட்டது.

"இல்லப்பா. நேத்து நானும் புகழேந்தியும் மோதினோம். அவர் குத்தினது."

பன்றி எழுந்து வந்து, கரடியின் கண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தது. முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டது. பிறகு திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களிடம் சொன்னது:

"எங்க சடையாண்டியா இருந்தா அந்தக் குத்து பட்டே இருக்காது."

கரடி சிறிது யோசித்தது. "உண்மைதான். பட்டிருக்காது," என்றது. மரநாயிடம் இன்னொரு டீ சொன்னது, சர்க்கரை தூக்கலாக.

நீதி: சண்டையைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் சண்டை போட்டவரிடம் போகக் கூடாது. பாவம், அவருக்கு நடந்தது மட்டும்தான் தெரியும்.